மூடுபனி வந்தாலும் முகத்தின் நிறம் மாறக்கூடாது: மலையில் தனியாக வீடியோ எடுப்பவர்களுக்கு

கோத்தகிரியிலோ குன்னூரிலோ ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பத்து நிமிஷம் பேசி ஒரு வீடியோ எடுத்துப் பாருங்கள். ஆரம்பத்தில் வெயில் இருக்கும். நடுவில் மேகம் மறைக்கும். முடிப்பதற்குள் பள்ளத்தாக்கிலிருந்து மிஸ்ட் ஏறி வந்து ஜன்னலையே வெள்ளையாக்கிவிடும். இது எதுவும் நம் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது, கண் பழகிக்கொள்ளும். எடிட்டிங்கில் உட்கார்ந்து இரண்டு துண்டுகளை ஒட்டும்போதுதான் ஒன்றில் முகம் மஞ்சளாகவும் அடுத்ததில் நீலமாகவும் இருப்பது பளிச்சென்று தெரியும்.

என் கணிப்பு இதுதான்: வீடியோ கொஞ்சம் இருட்டாக இருந்தால் யாரும் கண்டுகொள்வதில்லை. முகம் கொஞ்சம் சிவந்திருந்தாலும் பரவாயில்லை. ஒரே வாக்கியத்தின் நடுவில் நிறம் மாறினால் மட்டும் பார்ப்பவரின் கவனம் சட்டென்று கலைந்துவிடும். அதனால் மிகச் சரியான நிறம் எது என்று தேடி அலைய வேண்டாம். நிறம் மாறாமல் இருந்தால் போதும்.

போன் ஏன் தானாக மாற்றுகிறது?

ஆட்டோவில் இருக்கும் கேமராவுக்கு எது முகம், எது பாத்திரம் என்ற அக்கறை குறைவு. மொத்தப் படமும் சராசரியாக நடுத்தர வெளிச்சத்துக்கு வரவேண்டும் என்பதே அதன் குறி. ஹோம்மேட் சாக்லேட் செய்து காட்டும் வீடியோக்களில் இதை நன்றாகப் பார்க்கலாம். வெள்ளை மார்பிள் மேசை தெரியும்வரை படம் கொஞ்சம் மங்கலாகவே இருக்கும். உருகிய டார்க் சாக்லேட்டை மேசை முழுக்க ஊற்றிப் பரப்பியதும், "அடடா, இருட்டாகிவிட்டதே" என்று போன் வெளிச்சத்தைக் கூட்டும். கை வெளுத்துவிடும், ஏப்ரனில் மடிப்பே தெரியாது. சாக்லேட்டை வழித்து ட்ரேயில் போட்டதும் படம் மறுபடி மங்கும். அறையில் வெளிச்சம் துளிகூட மாறியிருக்காது.

நிறத்திலும் இதே கதைதான். பின்னால் தேயிலைச் செடிகள் நிறைந்திருந்தால், பச்சை அதிகமாகிவிட்டது என்று நினைத்து, படத்தின் நிறத்தைச் சமன் செய்யும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் ரோஸ் நிறத்தைக் கலக்கும். செடி அப்படியே இருக்க, முகம் ரோஸ் பூசியதுபோல் ஆகிவிடும்.

1. உட்காரும் இடம்

செட்டிங்கைத் தொடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். பாதி வேலை இங்கேயே முடிந்துவிடும்.

நேரடி வெயில் விழாத ஜன்னல் வேண்டும். ஐரோப்பிய, அமெரிக்க டுடோரியல்களில் "வடக்குப் பார்த்த ஜன்னல்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். அவர்கள் ஊருக்கு அது சரி, அங்கே நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கே சாய்ந்துதான் நிற்கும். நீலகிரி இருப்பது 11 டிகிரி அட்சரேகையை ஒட்டி. ஏறக்குறைய சித்திரை முதல் வாரத்திலிருந்து ஆவணி முதல் வாரம் வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கும். அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலிலும் வெயில் எட்டிப் பார்க்கும். பழனி மலையிலும் இதே கணக்குதான், சில நாட்கள்தான் முன்பின் ஆகும். அதனால் திசையை மட்டும் நம்பாமல், எடுக்கப்போகும் நேரத்தில் அந்த ஜன்னலில் வெயில் விழுகிறதா என்று முந்தைய நாளே ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

வெயில் விழுந்தால் ஜன்னலுக்கு ஒரு வெள்ளை வேட்டியை விரித்துக் கட்டுங்கள். ஒற்றை மடிப்பு போதும். மலை வெயில் சுள்ளென்று இருக்கும், நிழலும் அதே அளவு கறுப்பாக விழும். வேட்டி வழியாக வரும்போது இரண்டும் மென்மையாகிவிடும். மேகம் வந்து போகும்போது ஏற்படும் வித்தியாசமும் கொஞ்சம் குறையும்.

அடுத்தது, பக்கத்தில் என்ன நிறம் இருக்கிறது என்று பாருங்கள். மலை வீடுகளில் வராண்டாவுக்கு மேலே பச்சையோ நீலமோ ஃபைபர் ஷீட் போட்டிருப்பார்கள். அதன் கீழே உட்கார்ந்தால் நெற்றியிலிருந்து தோள்வரை பச்சை இறங்கும். எடிட்டிங்கில் அதை எடுக்கப் போனால் உதடும் சேர்ந்து கெட்டுவிடும். சிவப்பு சிமெண்ட் தரையில் வெயில் விழுந்தால் தாடைக்குக் கீழே சிவக்கும். தோட்டத்து ஓரமாக நின்றால் புல்லும் தேயிலையும் கீழிருந்து பச்சையை எறியும். ஃபைபர் ஷீட்டை விட்டு நகர்வதைத் தவிர வேறு வழியில்லை. தரையும் புல்லும்தான் பிரச்சினை என்றால், ஃபிரேமுக்கு வெளியே காலடியில் ஒரு தெர்மாகோல் பலகையைப் போடுங்கள்.

2. விளக்கு ஒரே வகையாக இருக்கட்டும்

வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள். மஞ்சள் பல்பின் வெளிச்சம் சுமார் 2700 முதல் 3000 கெல்வின். நண்பகல் வெயில் 5500 சுமார். மேகமூட்டம் 6500-ஐ ஒட்டி, நிழல் அதற்கும் மேலே. எண் ஏற ஏற வெளிச்சம் நீலமாகும். ஜன்னல் வெளிச்சம் ஒரு கன்னத்திலும் மஞ்சள் பல்பு மறு கன்னத்திலும் விழுந்தால் எந்தக் கேமராவாலும் இரண்டையும் சரி செய்ய முடியாது. ஜன்னல் போதும் என்றால் எல்லா விளக்கையும் அணையுங்கள். போதாது என்றால் "கூல் டேலைட்" என்று 6500 கெல்வின் போட்ட எல்இடி பல்பை ஜன்னலோடு சேர்த்துக்கொள்ளலாம்.

ஐப்பசி, கார்த்திகையில் கோத்தகிரி பக்கம் நாள் முழுக்க மழையும் மூடுபனியுமாக இருக்கும்போது ஜன்னலை நம்புவதில் அர்த்தமில்லை. திரையை இழுத்து மூடிவிட்டு, முழுக்க எல்இடி வெளிச்சத்தில் எடுங்கள். எந்நேரமும் ஒரே மாதிரி வரும்.

3. பூட்டுவது

சரி, இப்போது போனுக்கு வருவோம்.

எளிய வழி: கேமராவில் முகம் இருக்கும் இடத்தில் விரலை அழுத்திப் பிடியுங்கள். ஐபோனிலும் பல ஆண்ட்ராய்டு போன்களிலும் எக்ஸ்போஷரும் (படத்தின் வெளிச்ச அளவு) ஃபோகஸும் பூட்டிக்கொள்ளும், பிறகு தானாக மாறாது. பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஒயிட் பேலன்ஸ் இதில் அடங்காது, அதைத் தனியாகப் பூட்ட வேண்டும். புதிய ஐஓஎஸ் பதிப்புகளில் கேமரா செட்டிங்கில் வீடியோ பதிவுப் பகுதியில் அதற்கு ஒரு சுவிட்ச் இருக்கிறது.

இன்னும் நல்ல வழி, எல்லாவற்றையும் எண்ணாக வைப்பது. போனில் புரோ வீடியோ மோட் இருந்தால் அதுவே போதும். இல்லாவிட்டால் பிளாக்மேஜிக் கேமரா செயலி இலவசம். 2023-ல் ஐபோனுக்கு வந்தது, 2024-ல் ஆண்ட்ராய்டுக்கும் வந்துவிட்டது, ஆனால் எல்லா ஆண்ட்ராய்டு போனிலும் ஓடாது. அதற்குப் பதில் ஓப்பன் கேமரா செயலியைப் பயன்படுத்தலாம். எண்களை இந்த வரிசையில் வையுங்கள்:

ஃபிரேம் ரேட் (வினாடிக்கு எத்தனை படம்) 25. ஐபோனில் 25 தெரியாவிட்டால் செட்டிங்கில் "பால்" ஃபார்மட்டுகளைக் காட்டச் சொல்லுங்கள்.

ஷட்டர் (ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சம் விழும் நேரம்) 1/50 வினாடி. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால் டியூப் லைட்டும் மலிவான எல்இடியும் வினாடிக்கு 100 முறை துடிக்கும். 1/50, 1/100 இரண்டும் அந்தத் துடிப்போடு பொருந்தும். 1/60 வைத்தால் படத்தில் பட்டை பட்டையாக ஓடும்.

ஒயிட் பேலன்ஸ்: ஜன்னல் வெளிச்சத்துக்கு 5600-இல் தொடங்கி, முகத்தைப் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள். ஒரு எண்ணை முடிவு செய்த பிறகு அந்த வீடியோ முடியும்வரை அதை மாற்றக் கூடாது.

ஐஎஸ்ஓ (வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு கூட்டிக் காட்ட வேண்டும் என்ற எண்) கடைசி. பெரும்பாலான போன்களில் அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் திறப்பை, மாற்ற முடியாது. ஷட்டரையும் பூட்டிவிட்டால், வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் கையில் இருப்பது ஐஎஸ்ஓ மட்டும்தான். வெளியே எடுக்கும்போது ஐஎஸ்ஓ அடிமட்டத்துக்குப் போன பிறகும் படம் வெளுத்தால் லென்ஸுக்கு முன்னால் ஒரு என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி) மாட்டுங்கள். அது இல்லையென்றால் ஷட்டரை 1/200, 1/400 என்று ஏற்றலாம். வெளியே டியூப் லைட் இல்லை என்பதால் துடிப்புப் பிரச்சினை வராது, அசைவு மட்டும் கொஞ்சம் வெட்டி வெட்டித் தெரியும்.

எச்டிஆர் வீடியோ, பியூட்டி, ஆட்டோ எஃப்பிஎஸ் (ஃபிரேம் ரேட்டைப் போனே மாற்றுவது) இவற்றை அணைத்துவிடுங்கள். ஒவ்வொன்றும் உங்களைக் கேட்காமல் எதையாவது மாற்றும்.

4. கேமராவுக்குப் பின்னால் ஆள் இல்லையே?

தன்னைத் தானே எடுப்பதில் உள்ள உண்மையான சிக்கல் இதுதான். பூட்டும்போது நாற்காலி காலி. வெறும் சுவரைப் பார்த்து எக்ஸ்போஷரைப் பூட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தால் முகம் சரியாக வராது, சுவர் வெள்ளையாக இருந்தால் முகம் இருட்டாகிவிடும்.

வீட்டில் தங்கையோ அம்மாவோ இருந்தால் ஒரு நிமிஷம் உட்காரச் சொல்லிப் பூட்டிக்கொள்ளலாம். யாரும் இல்லாவிட்டால் முன்பக்கக் கேமராவில் உங்களைப் பார்த்தே பூட்டலாம், ஆனால் பின்பக்கக் கேமராவின் தரம் அதில் வராது. நான் சிபாரிசு செய்வது: பின்பக்கக் கேமரா, கையால் வைத்த எண்கள், பத்து வினாடி சோதனை ஓட்டம். உட்கார்ந்து ஒரு வாக்கியம் பேசி, எழுந்து போய்ப் பாருங்கள். நெற்றியும் மூக்கு நுனியும் வெளுத்திருந்தால் ஐஎஸ்ஓவை ஒரு படி இறக்குங்கள். வெளிச்சத்தைச் சதவீதத்தில் காட்டும் செயலி என்றால், முகத்துக்கு 70 சதவீதம் என்று சில டுடோரியல்கள் சொல்லும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அது வெளுத்த தோலுக்கான கணக்கு. நம்மில் பலருக்கு 45 முதல் 60 வரை இருந்தாலே முகம் இயல்பாக இருக்கும்.

ஒவ்வொரு முறை ரெக்கார்ட் போட்டதும் ஒரு சாம்பல் நிற அட்டையை முகத்துக்குப் பக்கத்தில் மூன்று வினாடி பிடியுங்கள். கேமரா கடைகளில் 18 சதவீத கிரே கார்டு என்று கேட்டால் கிடைக்கும். வெள்ளை பேப்பர் வேண்டாம். ஏ4 தாள்களை வெண்மையாகக் காட்ட ஒரு ரசாயனம் சேர்க்கிறார்கள், புற ஊதாக் கதிர் பட்டால் அது நீலமாக ஒளிரும். 2000 மீட்டரை ஒட்டிய உயரத்தில் அந்தக் கதிர் சமவெளியைவிடக் கூடுதல். நீலம் போட்டு அலசிய துணியும் ஆகாது, அதில் நீலச் சாயமே ஏறியிருக்கும்.

இன்னொன்று: குளிரில் கிடந்த போனைச் சமையலறைச் சூட்டுக்குள் கொண்டு வந்தவுடன் எடுக்க ஆரம்பிக்காதீர்கள். லென்ஸில் ஆவி படிந்து படம் முழுக்கப் பால் ஊற்றியதுபோல் இருக்கும், பிறகு மெல்ல மெல்லத் தெளியும். நீங்கள் எதை எப்படிப் பூட்டியிருந்தாலும் சரி, முதல் நிமிஷமும் ஐந்தாவது நிமிஷமும் பொருந்தாது. போனைக் கால் மணி நேரம் அறையிலேயே விட்டு, லென்ஸைத் துடைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

5. நடுவில் மேகம் வந்தால்

பூட்டிய கேமராவுக்கு முன்னால் மேகம் வந்தால் படம் இருட்டாகும். ஆகட்டும். ஓடிப்போய் ஐஎஸ்ஓவை ஏற்றாதீர்கள். மேகம் விலகும் என்று தெரிந்தால் பேச்சை நிறுத்திக் காத்திருங்கள். விலகிய பிறகு அந்த வாக்கியத்தை முதலிலிருந்து சொல்லுங்கள். நடுவில் பிடித்துத் தொடர்ந்தால் ஒட்டுப்போட்ட இடம் தெரியும்.

மூடுபனி வேறு மாதிரி. அது இறங்கிவிட்டால் எப்போது விலகும் என்று சொல்ல முடியாது. பின்னணியும் வெள்ளையாகிவிடும். அந்தப் பகுதியை அங்கேயே முடித்துக்கொண்டு, புதிய எண்களோடு அடுத்த பகுதியைத் தொடங்குவதுதான் நல்லது. இரண்டுக்கும் நடுவில் கையின் குளோசப் ஒன்றையோ பாத்திரத்தின் ஷாட் ஒன்றையோ வைத்துவிட்டால் மாற்றம் உறுத்தாது.

மலையில் பொதுவாகக் காலையில் வானம் தெளிந்திருக்கும், மதியத்துக்கு மேல் மேகம் கூடும். அதனால் முகம் காட்டிப் பேசும் பகுதி எல்லாவற்றையும் காலையில் ஒரே மூச்சில் எடுத்துவிடுங்கள். செய்முறை வரிசைப்படி எடுக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. கை, பாத்திரம், பொருள் இவற்றைச் சாயங்காலம் விளக்கு வெளிச்சத்தில் தனியாக எடுத்துக்கொள்ளலாம்.

6. எடிட்டிங்கில் மிச்சம்

டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பே இதற்குத் தாராளம். முதலில் உங்களுக்குப் பிடித்த ஒரு ஷாட்டைத் தேர்ந்தெடுத்துச் சரி செய்யுங்கள். மற்ற ஷாட்டுகள் எல்லாம் அதைப் பார்த்து நடக்கட்டும். ஒயிட் பேலன்ஸ் பிக்கரை கிரே கார்டின் மேல் வைத்து அழுத்தினால் நிறம் பெரும்பாலும் சரியாகிவிடும். பிறகு வேவ்ஃபார்மில் (படத்தின் வெளிச்சத்தைக் காட்டும் வரைபடம்) முகம் இருக்கும் உயரத்தை முதல் ஷாட்டோடு ஒப்பிட்டு வெளிச்சத்தைச் சமன் செய்யுங்கள். லட் (தயாராகக் கிடைக்கும் நிற மாற்றம்), ஃபில்டர் எல்லாம் இதற்குப் பிறகுதான். பொருந்தாத ஷாட்டுகளின் மேல் ஃபில்டர் போட்டால் வித்தியாசம் இன்னும் எடுப்பாகத் தெரியும்.

போனிலேயே எடிட் செய்பவர்கள் திரையின் ஆட்டோ பிரைட்னஸ், நைட் லைட், ஐபோன் என்றால் ட்ரூ டோன், மூன்றையும் அணைத்துவிட்டு உட்காருங்கள். திரையே நிறம் மாற்றிக்கொண்டிருந்தால் நீங்கள் திருத்துவது படத்தையா திரையையா என்று தெரியாது. எடிட் முடிந்ததும் முதல் ஷாட், நடு ஷாட், கடைசி ஷாட் மூன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வேறொரு போனில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் தனித்துத் தெரிந்தால் அந்த ஷாட்டை மட்டும் திருத்திவிட்டு அப்லோடு செய்யலாம்.