ஊதா மூடிக் குழாயை யார் கவனிப்பது? சைக்கோசிஸ் ஆய்வில் உதவியாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சைக்கோசிஸ் (இல்லாத குரல் கேட்பது, நடக்காததை நடந்ததாக நம்புவது போன்ற மனநிலை) வந்தவர்களின் ரத்தத்தை ஆராயும் எங்கள் துறைக்குப் புதிதாக வரும் ஆராய்ச்சி உதவியாளர்கள் கெட்டிக்காரர்கள். சைட்டோகைன் (நோய் எதிர்ப்பு அணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பச் சுரக்கும் புரதம்) என்றால் என்ன, அழற்சிக்கும் மூளைக்கும் என்ன உறவு என்பதையெல்லாம் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். ஆனால் சில வாரங்களில் போய்ப் பார்த்தால், நாங்கள் சேர்ந்த காலத்தில் அடித்த அதே கூத்து அச்சு மாறாமல் நடந்துகொண்டிருக்கும். கையுறை போடுங்கள், படிவத்தில் கையெழுத்து வாங்குங்கள் என்றெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அதைச் சொல்வதற்கு ஆள் இருக்கிறது.

வேறுபாடு பெரிதாக இருக்கும் என்று நம்புவது

சைக்கோசிஸுக்கும் நோய் எதிர்ப்பாற்றலுக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற சந்தேகம் பழையது. 1918 இன்ஃப்ளூயன்ஸா கொள்ளைநோயை அடுத்து மனநலம் குலைந்தவர்களைப் பற்றி கார்ல் மெனிஞ்சர் 1919-லேயே எழுதினார். பிரிட்டனில் ஒன்பது வயதில் ஐஎல்-6 என்ற சைட்டோகைனின் அளவு கூடுதலாக இருந்த பிள்ளைகளுக்கு 18 வயதில் சைக்கோசிஸ் அனுபவங்கள் வரும் வாய்ப்பு அதிகம் என்று கோலம் காண்டேக்கரின் குழு 2014-ல் காட்டியது. நோய் எதிர்ப்பு மண்டலத்தைச் சேர்ந்த சி4 மரபணுவை, சைக்கோசிஸ் நோய்களில் ஒன்றான மனச்சிதைவு நோயின் அபாயத்தோடு இணைத்த ஆய்வு 2016-ல் வந்தது.

இவற்றைப் படித்துவிட்டு வருபவர்கள், நோயாளியின் ரத்தத்தைப் பார்த்த மாத்திரத்தில் வித்தியாசம் தெரிந்துவிடும் என்று எதிர்பார்க்கிறார்கள். தெரியாது. ஆரோக்கியமானவரின் ரத்தத்தில் ஐஎல்-6 ஒரு மில்லிலிட்டருக்குச் சில பிக்கோகிராம்தான் இருக்கும். ஒரு பிக்கோகிராம் என்பது கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. இரு குழுக்களின் சராசரியும் சற்றே விலகியிருக்கும். தனித்தனி ஆட்களை எடுத்தால் பெரும்பாலும் ஒருவர்மேல் ஒருவர் படிந்து கிடப்பார்கள். இவ்வளவு மெல்லிய வேறுபாட்டை அழிப்பதற்கோ, இல்லாத ஒன்றை உண்டாக்குவதற்கோ பெரிய தவறு எதுவும் தேவையில்லை. அப்படிப்பட்ட ஒரு சின்னத் தவறுதான் அடுத்து வருவது.

நேரத்தைக் குறிக்காமல் விடுவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், முதன்முறையாகச் சைக்கோசிஸ் ஏற்பட்டு, இன்னும் மருந்து தொடங்காத இளைஞர்களின் ரத்தத்தைச் சேகரித்தோம். அப்படி ஒரு நோயாளி கிடைப்பதே அரிது. கோயில், தர்கா, மந்திரிப்பவர் என்று சுற்றிவிட்டு மருத்துவமனைக்கு வருவதற்குள் பலர் எங்கேயோ ஏதோ ஒரு மாத்திரையை வாங்கி விழுங்கியிருப்பார்கள்.

வார்டில் டாக்டர்களின் ரவுண்ட்ஸ் முடிந்து, குடும்பத்தாரிடம் பேசி, செவிலியர் ரத்தம் எடுக்கும்போது பதினொரு மணி ஆகிவிடும். ரத்தம் உறையாமல் இருக்க ஈடிடிஏ என்ற வேதிப்பொருள் சேர்த்த ஊதா மூடிக் குழாய் அவருடைய மேசையில், ஜன்னலோரத் தாங்கியில் நிற்கும். வார்டு உதவியாளர் சாப்பிட்டு முடித்துவிட்டு, மற்ற மாதிரிகளோடு சேர்த்து அதையும் ஆய்வகத்துக்குக் கொண்டுவருவார். நோயில்லாத ஒப்பீட்டுக் குழுவில் இருந்தவர்களோ மருத்துவ மாணவர்களும் ஆய்வக ஊழியர்களும். காலை ஒன்பது மணிக்கு நேராக ஆய்வகத்துக்கே வந்து கையை நீட்டுவார்கள். எடுத்த சூட்டோடு அவர்கள் குழாய், ரத்த அணுக்களைத் தனியே பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜ் எந்திரத்தில் சுழலும்.

குழாய்க்குள் போய்விட்டதால் ரத்தம் செத்துவிடுவதில்லை. அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன. சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கின்றன. சர்க்கரைப் பரிசோதனைக்கு ஃப்ளோரைடு கலந்த சாம்பல் மூடிக் குழாய் பயன்படுவது அதனால்தான். அதேபோல வெள்ளணுக்கள் சைட்டோகைன்களையும் வெளியே விட்டுக்கொண்டிருக்கின்றன. அறை வெப்பத்தில் மணிக்கணக்கில் வைத்தால் ஐஎல்-8 என்ற சைட்டோகைன் குறிப்பாக ஏறும். போதாக்குறைக்கு, ஐஎல்-6 காலையில் ஓர் அளவும் மாலையில் ஓர் அளவுமாக உடம்புக்குள்ளேயே மாறக்கூடியது.

முடிவு அழகாக வந்தது. வரைபடத்தில் நோயாளிகளின் புள்ளிகள் மேலே, மற்றவர்களின் புள்ளிகள் கீழே. பேராசிரியர் கட்டுரைக்குத் தலைப்பு யோசிக்கத் தொடங்கிவிட்டார். அப்போது உயிர்வேதியியல் துறையிலிருந்து வந்த ஒரு அம்மையார், வரைபடத்தை அதிக நேரம்கூடப் பார்க்கவில்லை, ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ரத்தம் எடுத்தது எத்தனை மணிக்கு, சுழற்றியது எத்தனை மணிக்கு?" பதிவேட்டைப் புரட்டினோம். பக்கம் பக்கமாகத் தேதி மட்டும் இருந்தது.

நாங்கள் அளந்தது அழற்சியையா, ஜன்னலோரத்தில் குழாய் நின்ற நேரத்தையா என்று சொல்ல வழியே இல்லை. புள்ளியியலாளரிடம் ஓடினால் அவர் கையை விரிக்கிறார். தாமதம் எல்லாமே நோயாளிகள் பக்கம், அவசரம் எல்லாமே மற்றவர்கள் பக்கம் என்றால் எதை வைத்துத் திருத்துவது? மறுபடி ரத்தம் எடுக்கவும் முடியாது. அந்த இளைஞர்கள் மருந்து தொடங்கிவிட்டார்கள். மருந்துக்கு முந்தைய ரத்தம் என்பது ஒருவரிடம் ஒரே ஒருமுறை கிடைப்பது. மகனுக்கு என்ன ஆயிற்று என்றே புரியாத நிலையிலும் சம்மதித்த தாய்மார்களை நினைத்தால்தான் கோபம் கூடுகிறது.

ஆகவே மூன்று நேரங்கள்: எடுத்தது, சுழற்றியது, உறையவைத்தது. மூன்றையும் மணி, நிமிடத்தோடு அந்தந்தக் கணத்திலேயே எழுதுங்கள். மாலையில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதும் நேரங்களெல்லாம் ஐந்தாலும் பத்தாலும் வகுபடும், பார்த்தவுடனே தெரிந்துவிடும். நோயாளிக்கு ரத்தம் எடுக்கும் அதே காலையில், அதே வார்டில், அதே செவிலியரிடம் ஒப்பீட்டுக் குழுவினர் ஒருவருக்கும் எடுக்க ஏற்பாடு செய்யுங்கள். மாணவர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும். குழாயை வார்டு உதவியாளரை நம்பி விடாமல் நீங்களே போய் வாங்கி வாருங்கள்.

சைட்டோகைன் அளவைப் பார்க்கும் எலிசா பரிசோதனையின் தட்டிலும் இதே நோய்தான். 96 குழிகள் கொண்ட முதல் தட்டில் நோயாளிகள் எல்லோரும், இரண்டாவது தட்டில் மற்றவர்கள் எல்லோரும் என்று அடுக்குவது பார்க்க ஒழுங்காக இருக்கும். தட்டுக்குத் தட்டு அளவு சற்று மாறும் என்பதால், அந்த ஒழுங்கே ஆய்வைக் கெடுத்துவிடும். ஒவ்வொரு தட்டிலும் இரு குழுவையும் கலந்து, குலுக்கி வையுங்கள். எல்லாத் தட்டுகளிலும் ஒரே பொது மாதிரி ஒன்றும் இருக்கட்டும்.

உறைந்த மாதிரியைப் பலமுறை உருக்குவது

ஒவ்வொரு முறையும் தேவையானதை மட்டும் உருக்கும்படி, முதல் நாளே சிறு சிறு குழாய்களில் பிரித்துவிடுங்கள்.

அப்பாவின் எதிரில் "புகைப்பீர்களா?" என்று கேட்பது

பத்தொன்பது வயதுப் பையன் என்ன பதில் சொல்வான்? புகைப்பழக்கமும் உடல் எடையும் ஐஎல்-6, சிஆர்பி (அழற்சியைக் காட்டும் ஒரு ரத்தப் புரதம்) இரண்டையுமே உயர்த்துபவை. கொழுப்புத் திசு தானே ஐஎல்-6 சுரக்கிறது. சைக்கோசிஸ் மருந்தான ஓலன்சபின் தொடங்கியவர்களுக்கு எடை மளமளவென்று ஏறும். எனவே எடையை அன்றன்றைக்கு எடை மேடையில் பாருங்கள். பழைய கேஸ் ஷீட்டிலிருந்து எடுத்து எழுதாதீர்கள். புகையிலையைப் பற்றித் தனியாக அழைத்துக் கேளுங்கள்.

"உடம்புக்கு ஏதாவது?" என்று பொதுவாகக் கேட்டாலும் பயனில்லை. நம்மவர்கள் பல்வலியை நோய்க்கணக்கில் சேர்ப்பதில்லை. சளி, சொத்தைப் பல், புண், சமீபத்தில் போட்ட தடுப்பூசி என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். சிஆர்பி லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினால் வேறு தொற்று இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள்.

பான்ஸ் மதிப்பெண்ணில் சதவீதம்

பான்ஸ் என்பது நோய் அறிகுறிகளின் கடுமையை அளக்கும் அளவுகோல். 30 அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் குறைந்தபட்சம் 1. எந்த அறிகுறியும் இல்லாதவருக்கும் 30 வரும். அதைக் கழிக்காமல் சதவீதம் போடாதீர்கள். 60 மதிப்பெண் 45 ஆனால் அது 25 சதவீதக் குறைவு அல்ல, 50.

பார்த்ததைப் படிவத்தில் மட்டும் எழுதிவிட்டுப் போவது

ஆன்டிபாடிகள் (நோய் எதிர்ப்பு மண்டலம் உருவாக்கும் புரதங்கள்) மூளையின் என்எம்டிஏ ஏற்பிகளை, அதாவது நரம்பணுக்களில் செய்தியை வாங்கும் புரதங்களை, தாக்கும் மூளை அழற்சியை ஜோசெப் டால்மாவ் குழு 2007-ல் விவரித்தது. முதலில் விவரித்த நோயாளிகளில் பெரும்பாலோர் சினைப்பைக் கட்டி இருந்த பெண்கள். தொடக்கத்தில் அது அசல் சைக்கோசிஸ் போலவே தெரியும். நோய் எதிர்ப்பைக் கட்டுப்படுத்தும் சிகிச்சையைச் சீக்கிரம் தொடங்கினால் பலர் நன்றாகத் தேறிவிடுகிறார்கள். நேர்காணலின்போது வாயும் நாக்கும் தாமாக அசைகின்றன, பேச்சு குறைந்துகொண்டே போகிறது, வலிப்பு வந்ததாக வீட்டார் சொல்கிறார்கள், காய்ச்சல் அடிக்கிறது என்றால் "கூடுதல் குறிப்புகள்" கட்டத்தில் எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடாதீர்கள். டாக்டரைத் தேடிப்பிடித்து அப்போதே சொல்லுங்கள். ரத்தத்தில் அந்த ஆன்டிபாடி இல்லை என்று வந்தாலும் விஷயம் முடிந்துவிடாது. தண்டுவட நீர்ப் பரிசோதனையே கூடுதல் நம்பகமானது.

நேர்மாறான தவறும் உண்டு. "ஊசி போட்டால் என் பெண்ணுக்குச் சரியாகிவிடுமா?" என்று கேட்கும் தாயிடம், எங்கோ படித்ததை வைத்துத் தலையாட்டுவது. இந்த வகை மூளை அழற்சி அரிது. இது ஆய்வு மட்டுமே, இதனால் உங்கள் மகளின் சிகிச்சை மாறாது என்று சொல்வதற்கு வாய் கூசும். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

ஃப்ரீசர் அலாரம்

மாதிரிகளை உறையவைத்திருக்கும் மைனஸ் 80 டிகிரி பெட்டியின் அலாரம் எந்த செல்போனுக்குப் போகிறது என்று இன்றே பாருங்கள். அநேகமாக, வேலையை விட்டுப் போய்விட்ட யாருடைய எண்ணோ அதில் இருக்கும்.