விலேன் டேக்: எங்கே கோட்டை விடுகிறோம்?

அலுவலகக் கணினிகள், சிசிடிவி கேமரா, விருந்தினர் வைஃபை மூன்றையும் ஒரே ஸ்விட்சில் தனித்தனி நெட்வொர்க்குகளாக வைக்கத்தான் விலேன் (VLAN). இரண்டு ஸ்விட்சுகளுக்கு நடுவே ஒரே கேபிளில் மூன்றும் போகும்போது எந்த ஃபிரேம் (தரவுப் பொட்டலம்) எந்த விலேனுடையது என்று தெரிய வேண்டுமே, அதற்குத்தான் டேக் என்ற அடையாளம். 802.1கியூ தரத்தின்படி, ஃபிரேமில் அனுப்புநரின் மேக் முகவரியை (கருவியின் வன்பொருள் எண்) அடுத்து 4 பைட் செருகப்படும். அதில் 12 பிட் விலேன் எண். 0, 4095 இரண்டையும் பயன்படுத்த முடியாது. மீதி 4094 நமக்கு.

சாதாரணக் கணினிக்கு டேக் புரியாது. அதனால் அது செருகிய போர்ட் அன்டேக்டாகவே (டேக் இல்லாமல்) இருக்கட்டும். பல விலேன்களைச் சுமக்கும் ட்ரங்க் போர்ட்டிலும், பல பெயரில் வைஃபை தரும் ஆக்சஸ் பாயின்ட்டுக்கும்தான் டேக் வேண்டும்.

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது பிவிஐடியில் (போர்ட்டின் இயல்பு விலேன் எண்). விலை குறைந்த ஸ்மார்ட் ஸ்விட்சில் போர்ட் 5ஐ விலேன் 20இல் அன்டேக்டாகச் சேர்த்துவிட்டு, வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறோம். அந்த அமைப்பு வெளியே போகும் ஃபிரேமுக்கு மட்டும். டேக் இல்லாமல் உள்ளே வருவதை எந்த விலேனில் போடுவது என்று முடிவு செய்வது பிவிஐடி. அது பல ஸ்விட்சுகளில் வேறு பக்கத்தில், 1 என்றே கிடக்கும். ஐபி முகவரி கேட்டுக் கணினி அனுப்பும் டிஹெச்சிபி கோரிக்கை விலேன் 1க்குப் போய்விடும். பதில் திரும்பி வராது. விண்டோஸில் 169.254 என்று தொடங்கும் ஐபி தெரிந்தால் கேபிளை மாற்றுவதற்கு முன் பிவிஐடியைப் பாருங்கள்.

ட்ரங்கில் டேக் இல்லாமல் போகும் நேட்டிவ் விலேன் இரு முனையிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் 1, மறுபக்கம் 99 என்றால், இங்கே 1இலிருந்து டேக் இல்லாமல் கிளம்பும் ஃபிரேம் அங்கே 99இல் போய் விழும். பிரித்து வைத்த இரண்டு நெட்வொர்க்குகள் கலந்துவிடும். போர்ட் விளக்கோ பச்சையாகவே எரியும்.

அப்புறம், விலேன் பிரித்தாலே பாதுகாப்பு வந்துவிடாது. நடுவில் இருக்கும் ரௌட்டர் எல்லாவற்றையும் அனுமதித்தால் விருந்தினர் வைஃபையிலிருந்து கேமராவைத் திறக்கலாம். ஃபயர்வால் விதி கட்டாயம் போடுங்கள்.

நான் செய்த தவறு ஒன்று. கேமராவுக்காக விலேன் 30ஐ ட்ரங்கில் சேர்க்க, சிஸ்கோ ஸ்விட்சில் 'ஸ்விட்ச்போர்ட் ட்ரங்க் அலவுட் விலேன் 30' என்று அடித்தேன். 'ஆட்' (add) என்ற சொல்லை விட்டுவிட்டேன். பழைய பட்டியல் முழுவதும் போய் 30 மட்டும் நின்றது. மாடியில் இருந்த கணினிகள், ஃபோன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் துண்டிக்கப்பட்டன. நான் வேறு ஊரிலிருந்து இணைந்திருந்தேன். என் இணைப்பும் அந்த ட்ரங்க் வழியாகத்தான். ஒருவர் ஸ்விட்சில் நேரடியாகச் செருகும் கன்சோல் கேபிளோடு நேரில் போய்த்தான் சரிசெய்ய முடிந்தது. இப்போதெல்லாம் தொலைவிலிருந்து ட்ரங்கைத் தொடுவதற்கு முன் இருக்கும் அமைப்பைச் சேமித்துவிட்டு 'ரீலோட் இன் 10' கொடுத்துவிடுகிறேன். புது மாற்றத்தைச் சேமிக்காமல் சோதிப்பேன். சரியாக இருந்தால் 'ரீலோட் கேன்சல்'. இணைப்பு போனால் 10 நிமிடத்தில் ஸ்விட்ச் தானே பழைய அமைப்போடு எழுந்து வரும்.