மின்சாரச் சரக்கு வண்டிக்குப் பெட்டி கட்டும் முறை: பாடியைவிட சர்வீஸ் வழியை முதலில் வரையுங்கள்

நாகப்பட்டினத்தில் மீன் ஏற்றக் குளிர்ப் பெட்டி வேண்டும். கும்பகோணத்தில் வெற்றிலைக் கட்டுக்குக் காற்றோட்டமான கூண்டு வேண்டும். மன்னார்குடி பக்கம் காய்கறி ஏற்றப் பக்கவாட்டில் திறக்கும் பெட்டி கேட்பார்கள். சின்ன மின்சார லாரி வாங்குகிற எல்லோரும் கடைசியில் பாடி பட்டறையில்தான் வந்து நிற்கிறார்கள். டீசல் வண்டிக்குக் கட்டிய கையோடு இதற்கும் கட்டினால் பெட்டி அழகாகத்தான் வரும். ஆனால் ஆறு மாதம் கழித்து பேட்டரியைப் பார்க்க வேண்டி வந்தால், கட்டிய பெட்டியை அறுத்தால்தான் கை நுழையும். அந்த நிலை வராமல் கட்டும் முறை இது.

இங்கே சொல்வது டாடா ஏஸ் இ.வி. போல, தனிச் சேசிஸ் உள்ள நான்கு சக்கரச் சிறு சரக்கு வண்டிகளுக்கு. மின்சார மூன்று சக்கர வண்டிக்கும் பெரும்பகுதி பொருந்தும். மின்சாரக் காரின் பின்பக்கத்தை வெட்டி பிக்கப் ஆக்குவதற்குப் பொருந்தாது. காரில் தனிச் சேசிஸ் கிடையாது, கூரையும் தூணும் தரையும் சேர்ந்துதான் பலம். பேட்டரி அந்தத் தரையோடு பிணைந்திருக்கிறது. கூரையை வெட்டினால் மோதலின்போது பேட்டரியைக் காக்க வேண்டிய உடல் தளர்ந்துவிடும். அந்த வேலைக்குக் கை வைக்காதீர்கள்.

படி 1: காகித வேலை

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரத்திலிருந்து விலகும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதனால் பாடி இல்லாமல் விற்கும் வண்டியை வாங்கிக் கட்டுவதே நேரான வழி. அப்படிக் கட்டும்போது படிவம் 22-ஏ வேண்டும்: ஒரு பகுதியை வண்டித் தயாரிப்பாளரும் இன்னொரு பகுதியை பாடி கட்டியவரும் கையெழுத்திட்டுத் தருவார்கள். ஏற்கெனவே பதிவான வண்டி என்றால், வேலை தொடங்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வாரன்டி போகாது என்று டீலரிடமும் எழுத்தில் வாங்குங்கள். இன்சூரன்ஸுக்கும் தெரிவியுங்கள். வாய்ச்சொல் எதுவும் பிறகு நிற்காது.

தயாரிப்பாளரிடம் 'பாடி கட்டுவோர் கையேடு' கேட்டு வாங்குங்கள். எங்கே துளையிடலாம், எங்கே கூடாது, எடை மையம் எங்கே வர வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். கீழே உள்ள எதுவும் அந்தக் கையேட்டுக்கு முரணானால் கையேட்டையே பின்பற்றுங்கள்.

படி 2: வண்டியின் அடியைப் படம் பிடியுங்கள்

இதற்கு அரை நாள் ஒதுக்குங்கள். வண்டியை ரேம்ப்பில் ஏற்றி, ஒரு அளவு டேப்பை வைத்தே இடமிருந்து வலம் படம் எடுங்கள். கண்டுபிடித்துக் குறிக்க வேண்டியவை: உயர் வோல்ட் மின்சாரம் போகும் ஆரஞ்சு நிறக் கேபிள் ஓடும் பாதை, பேட்டரியைத் தாங்கும் போல்ட்டுகள், சர்வீஸ் பிளக் (பெரிய பேட்டரியின் மின்சாரத்தைத் துண்டிக்க உருவும் பிளக்), 12 வோல்ட் பேட்டரி, மோட்டார் கன்ட்ரோலர், சார்ஜ் போர்ட், ஜாக்கி வைக்கும் இடம், பேட்டரிப் பெட்டியின் காற்று வால்வு. இந்த வால்வு பலர் கண்ணில் படாது. உள்ளே அழுத்தம் ஏறினால் வெளியேற்றும் வழி அது, அதன் மேல் தகடோ பெயின்டோ விழக் கூடாது.

இனி ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி: பெட்டி மேலே உட்கார்ந்த பிறகு இதை எப்படித் தொடுவேன்? பேட்டரி பெரும்பாலும் கீழ்ப்பக்கமாகத்தான் இறங்கும். அதனால் அடியில் மட்கார்டு, டூல் பாக்ஸ், ஸ்டெப்னித் தாங்கி எது வைத்தாலும் போல்ட்டில் வையுங்கள், வெல்டிங்கில் வேண்டாம். சார்ஜ் போர்ட்டைச் சுற்றி ஒரு சாண் இடம் விடுங்கள், மழையில் ஒரு கையில் குடையும் இன்னொரு கையில் சார்ஜர் பிளக்கும் பிடித்தபடி மாட்ட முடிய வேண்டும்.

சர்வீஸ் பிளக் சரக்குத் தளத்துக்கு அடியில் இருந்தால், தரையில் 450 மி.மீ. சதுரத்தில் ஒரு மூடி விட வேண்டும். வெட்டிய துளையைச் சுற்றி 20 மி.மீ. உயரத்துக்கு வரப்பு போலத் தகட்டை மடித்து நிறுத்துங்கள், தரையில் நிற்கும் தண்ணீர் உள்ளே சரியாது. அதன் மேல் வெயில் மழை தாங்கும் இ.பி.டி.எம். ரப்பர் பட்டை, பிறகு மூடி, எட்டு 8 மி.மீ. போல்ட். மீன் பெட்டிக்கு இதையும் பரிந்துரைக்க மாட்டோம். உப்புத் தண்ணீர் எப்படியும் வழி கண்டுபிடிக்கும். மீனுக்கு என்றால் தரையில் துளையே வேண்டாம். நான்கு மூலையிலும் தூக்கும் கொக்கி வைத்து, எட்டு போல்ட்டைக் கழற்றினால் முழுப் பெட்டியும் செயின் பிளாக்கில் எழும்படி கட்டுங்கள்.

படி 3: எடை

மின்சார வண்டியில் கூடுகிற ஒவ்வொரு கிலோவும் சரக்கிலிருந்தும் ஓடும் தூரத்திலிருந்தும் போகிறது. 2.1 மீட்டர் நீளம், 1.4 அகலம், 1.4 உயரம் உள்ள பெட்டிக்கு, தரை நீங்கலாக 12.7 சதுர மீட்டர் தகடு வேண்டும். 1.2 மி.மீ. இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு 9.4 கிலோ, மொத்தம் 120 கிலோ. 1.5 மி.மீ. அலுமினியம் சதுர மீட்டருக்கு 4 கிலோ, மொத்தம் 51 கிலோ. தகட்டில் மட்டும் கிட்டத்தட்ட 70 கிலோ மிச்சம். சட்டத்துக்கு 40 × 40 × 2 மி.மீ. இரும்புச் சதுரக் குழாய் மீட்டருக்கு 2.4 கிலோ வரும், அதையும் கூட்டுங்கள். முடிந்ததும் நெல் லாரிகள் ஏறும் எடை மேடையில் வெறும் வண்டியாக ஒரு முறை, முன் அச்சு தனியாக ஒரு முறை எடை போடுங்கள்.

படி 4: மின்சாரத்தைப் பிரித்தல்

60 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர் மின்சாரம் (டி.சி.) ஆளைக் கொல்லக் கூடியது. நான்கு சக்கர வண்டியில் மின்சாரத்தைப் பிரிக்கும் வேலையைப் பட்டறையில் யாரும் தாமாகச் செய்ய வேண்டாம். சர்வீஸ் சென்டரின் பயிற்சி பெற்ற மெக்கானிக்கை வரச் சொல்லுங்கள். அவர் செய்யும் வரிசை தெரிந்திருந்தால் நல்லது: சாவியை எடுத்து வண்டிக்கு வெளியே வைப்பது, 12 வோல்ட் பேட்டரியின் மைனஸைக் கழற்றுவது, கிளாஸ் 0 தர மின்காப்பு ரப்பர் கையுறையோடு சர்வீஸ் பிளக்கை உருவுவது, கையேடு சொல்லும் நேரம் காத்திருப்பது. அந்தக் காத்திருப்பு வீணல்ல, கன்ட்ரோலரில் உள்ள கெப்பாசிட்டர்களில் தேங்கிய மின்சாரம் வடிய வேண்டும். பிறகு மீட்டர் வைத்து வோல்ட் இல்லை என்று பார்ப்பார். உருவிய பிளக் பட்டறை மேசையில் கிடக்கக் கூடாது, பொறுப்பானவர் பூட்டி வைக்க வேண்டும்.

படி 5: அடிச்சட்டமும் வெல்டிங்கும்

வெல்டிங் முழுவதையும் வண்டிக்கு வெளியே, தரையில் முடியுங்கள். அதிகம் மீறப்படுகிற விதி இதுதான். வெல்டிங் கரண்ட் எர்த் கிளாம்புக்குத் திரும்பும் வழியில் எந்த வயரையும் பாதையாக்கிக்கொள்ளும், பேட்டரி மேலாண்மைப் பலகையும் கன்ட்ரோலரும் அன்றைக்கே போகலாம், அல்லது சில வாரம் கழித்துக் காரணம் தெரியாத கோளாறாக வரலாம். கிரைண்டர் பொறி ஆரஞ்சுக் கேபிளின் உறையைப் பொத்தலாக்கும்.

பெட்டியின் அடிச்சட்டத்தை வண்டியின் சேசிஸின் மேல் வைக்கும்போது இடையில் 10 மி.மீ. கெட்டி ரப்பர் வையுங்கள். கையேட்டில் காட்டிய துளைகளை மட்டும் பயன்படுத்துங்கள். சேசிஸின் மேல், கீழ் மடிப்புகளில் துளையிட்டால் அங்கேதான் விரிசல் தொடங்கும். பின்பக்கப் பிடிப்புகள் இறுக்கமாகவும், கேபினை ஒட்டிய முன்பிடிப்புகள் ரப்பர் அல்லது ஸ்பிரிங்கோடு கொஞ்சம் இளக்கமாகவும் இருக்கட்டும். வாய்க்கால் மதகு ஏறி இறங்கும் சாலையில் சேசிஸ் முறுக்கிக்கொள்ளும், எல்லாமே இறுகியிருந்தால் முன்மூலை வெல்டிங் விடும். யூ போல்ட் போட்டால் அது எந்தக் கேபிளையும் நசுக்கவில்லை என்று விரலை விட்டுப் பாருங்கள்.

படி 6: தண்ணீரும் உப்பும்

வேதாரண்யம் உப்பளக் காற்றில் ஓடும் வண்டிக்கு இது தனி வேலை. அலுமினியத் தகடு இரும்புச் சட்டத்தை நேராகத் தொட்டு, நடுவில் உப்பு ஈரம் இருந்தால், அலுமினியம்தான் அரிக்கப்படும். சட்டத்துக்கு எபாக்சி பிரைமர் இரண்டு கோட், தொடும் இடத்தில் ரப்பர் பட்டை, போல்ட்டுக்கு நைலான் வாஷரும் புஷ்ஷும் போடுங்கள்.

மீன் பெட்டியில் பஃப் (குளிர் காக்கும் நுரை) 50 முதல் 75 மி.மீ. தடிமன். ஐஸ் உருகிய தண்ணீருக்குத் தரையில் பின்பக்கச் சரிவு வைத்து, 25 மி.மீ. குழாயை வண்டியின் பின் ஓரம் வரை கொண்டுபோய் விடுங்கள். நடுவில் விட்டால் அந்தத் தண்ணீர் பேட்டரிக் கனெக்டர் மேல் தினமும் சொட்டும். அந்தக் கனெக்டர் ஐபி 67 தரமாக இருந்தாலும், அது 1 மீட்டர் ஆழ நல்ல தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்பதற்கான சோதனை மட்டுமே. வருடக்கணக்கில் உப்புத் தண்ணீர் சொட்டுவதற்கு அது உத்தரவாதம் அல்ல.

படி 7: பெட்டிக்குள் விளக்கு

12 வோல்ட் பேட்டரியிலிருந்து தனி வயர், பேட்டரிக்கு அருகிலேயே 10 ஆம்பியர் ஃபியூஸ், எல்.இ.டி. விளக்கு. அவ்வளவு போதும். ஆரஞ்சுக் கேபிளிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது. மூன்று சக்கர வண்டிகளில் நான்கு 12 வோல்ட் பேட்டரித் தொடர் இருந்தால், ஒன்றிலிருந்து மட்டும் விளக்குக்கு வயர் இழுக்கிறார்கள். அந்த ஒன்று மட்டும் தினமும் கூடுதலாக இறங்கி, முதலில் சாகும், மற்ற மூன்றையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும்.

படி 8: பெயின்ட்

பெட்டியைத் தனியாக அடித்து, காயவைத்து, பிறகு ஏற்றுங்கள். வண்டியோடு சேர்த்துச் சூட்டறைக்குள் தள்ளினால் பேட்டரி சூடேறும்.

படி 9: வண்டியை எடுக்கும் முன்னும் பின்னும்

மெக்கானிக் பிளக்கை மாட்டிய பிறகு மின்காப்புச் சோதனை செய்யச் சொல்லுங்கள். நேர் மின் அமைப்புக்கு வோல்ட்டுக்கு 100 ஓம் என்பது குறைந்தபட்ச அளவு, நல்ல வண்டியில் இதைவிடப் பல மடங்கு வரும். அளவு சரிந்திருந்தால் எங்கோ கேபிள் உரசியிருக்கிறது. எண்ணைத் தேதியோடு எழுதி வையுங்கள், அடுத்த சர்வீஸில் ஒப்பிட வேறு வழி இல்லை. 500 கிலோமீட்டரில் எல்லாப் பிடிப்புப் போல்ட்டையும் டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்கி, தலையில் பெயின்ட் கோடு போடுங்கள். கோடு நகர்ந்திருந்தால் போல்ட் தளர்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும்.

ஐப்பசி மழைக்கு முன் ரப்பர் பட்டைகள், வடிகால் குழாய், மூடியின் போல்ட்டுகள் மூன்றையும் பாருங்கள். பேட்டரி மூழ்கும் அளவுக்கு வெள்ளத்தில் நின்ற வண்டியை, காய்ந்துவிட்டது என்று சார்ஜில் போடக் கூடாது, வீட்டை ஒட்டி நிறுத்தவும் கூடாது. சர்வீஸ் சென்டரை அழையுங்கள். இழுத்துப் போகும்போது ஓட்டும் சக்கரம் தரையில் சுழன்றால் மோட்டார் ஜெனரேட்டராகி மின்சாரம் உண்டாக்கும், அதனால் தட்டு லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். பெட்டியோடு வண்டியின் மொத்த உயரத்தை அளந்து கேபினுக்குள் ஒட்டி வைத்தால் தட்டு லாரிக்காரருக்கும் உதவும்.