1939-ஐத் திரையில் கொண்டுவரலாம், ஆட்களைத் தொலைக்காமல்

1939-இல் நடப்பதாக எடுக்கப்பட்ட, கெர்ரி கான்ரனின் 'ஸ்கை கேப்டன் அண்ட் த வேர்ல்ட் ஆஃப் டுமாரோ' (2004) படத்தை எந்த இடத்தில் நிறுத்தினாலும் அந்த ஃப்ரேமைச் சட்டம் போட்டு மாட்டலாம். எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சியில் ஆகாயக் கப்பல் நங்கூரமிடுகிறது, நியூயார்க் தெருவில் ராட்சத ரோபோக்கள் அணிவகுக்கின்றன. ஓடவிட்டால்தான் சிக்கல்: நாயகன் ஜோவும் நிருபர் பாலியும் கடைசிவரை மனதில் ஒட்டுவதில்லை. இதே பாணியில் குறும்படம் எடுப்பவர்கள் காட்சியின் அழகு, மனதில் ஒட்டும் ஆட்கள் என்ற இரண்டு வேலையையும் சேர்த்தே திட்டமிட வேண்டும்.

அந்தப் படம் நீலத் திரை முன் எடுக்கப்பட்டு, கறுப்பு வெள்ளையாக்கப்பட்டு, பிறகு வண்ணம் ஏற்றப்பட்டது. வீட்டுக் கணினியிலும் அதே வரிசைதான். திரையிலிருந்து நடிகர் 6 முதல் 8 அடி தள்ளி நிற்கட்டும். நெருங்கினால் திரையின் நிறம் கன்னத்தில் வழியும். திரைக்கும் நடிகருக்கும் தனித்தனி லைட். திரையின் நடுவுக்கும் மூலைக்கும் வெளிச்சத்தில் அரை ஸ்டாப்புக்கு (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு) மேல் வித்தியாசம் வந்தால், கீ செய்யும்போது, அதாவது திரையின் நிறத்தை மென்பொருளில் நீக்கும்போது, முடியோரம் பிய்ந்துவிடும். கேமராவில் இருந்தால், நிறத்தைக் கூடுதல் நுணுக்கமாகப் பதியும் 10 பிட், 4:2:2 அமைப்பை வையுங்கள். 4:2:0-வில் நிறத் தகவல் கால் பங்குதான் பதிவாகிறது, விளிம்பு படிக்கட்டாகத் தெரியும். 24 ஃப்ரேம், ஷட்டர் 1/50.

உடையை நிறம் பார்த்து எடுக்காதீர்கள். ஃபோனில் கறுப்பு வெள்ளை ஃபில்டர் போட்டுப் பாருங்கள்: சிவப்புச் சட்டையும் பச்சைச் சுவரும் ஒரே சாம்பலாகி ஆள் சுவரோடு கரைந்துவிடலாம்.

கீ செய்து பின்னணியைச் சேர்த்ததும் நிறத்தைப் பூஜ்யமாக்குங்கள். அந்த லேயரை நகலெடுத்து, 1080 (ஃபுல் எச்டி) அளவுக்கு 20–30 பிக்சல் மங்கலாக்கி, கீழுள்ளதை வெளிச்சமாக்கும் 'ஸ்க்ரீன்' கலப்பு முறையில் 20 சதவீதம் மேலே வையுங்கள். வெளிச்சம் கசியும் அந்தப் பழைய மென்மை இதில்தான் வருகிறது. அதன்மேல், நிறத்தை மட்டும் ஏற்றும் 'கலர்' கலப்பு முறையில் தோலுக்கு மஞ்சள் கலந்த பழுப்பு, நிழலுக்கு நீலப்பச்சை, 30 சதவீதம். கிரெயின், அதாவது பழைய ஃபிலிமின் பொடிப்பொடிப் புள்ளிகள், கடைசியில்தான். முன்னாலேயே போட்டால் மங்கல் அதைத் தின்றுவிடும். கடைசியில் போட்டால் நடிகரையும் பின்னணியையும் ஒரே துணியாகத் தைத்துவிடும்.

இந்த மங்கல் முதலில் விழுங்குவது கண்களை. முகத்தை மட்டும் தனியே பிரிக்கும் மாஸ்க் போட்டு, அங்கே மட்டும் மங்கல் லேயரை 10 சதவீதத்துக்குக் குறைத்துவிடுங்கள். பாதி பேர் இதைச் செய்வதில்லை, பிறகு நடிப்பு சரியில்லை என்று நடிகரைத் திட்டுகிறார்கள்.

ஆனால் கண் தெரிந்தால் மட்டும் போதாது. ஜோவும் பாலியும் 'என் விமானத்தைக் கெடுத்தது நீதானே' என்ற பழைய சண்டையையே திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். ஒரு சுற்றுக்கும் அடுத்ததற்கும் உறவில் எதுவும் நகர்வதில்லை. அதே பாலியின் கேமராவில் மிச்சம் இரண்டே படம் என்றானதும் அவள் உயிர்பெறுகிறாள். எதை எடுப்பது, எதை விடுவது என்று ஒவ்வொரு அதிசயத்தின் முன்னும் தவிக்கிறாள். எழுதும்போது ஒவ்வொருவர் கையிலும் இப்படித் தீர்ந்துபோகக்கூடிய ஒரு பொருளைக் கொடுங்கள். ஒற்றைக் கண்ணில் பட்டை கட்டிய கடற்படை அதிகாரி ஃபிராங்கி கொஞ்ச நேரமே வந்தாலும் நிற்கிறாள்: அவள் உத்தரவிட்டால் ஏதோ ஒன்று நடக்கிறது.

படப்பிடிப்பில் கைக்கு எட்டுவதெல்லாம் நிஜமாக இருக்கட்டும்: நாற்காலி, கதவுப்பிடி, விமானத்தின் நெம்புகோல். ரோபோ வரும் சத்தத்தை ஸ்பீக்கரில் ஓடவிடுங்கள். பேசும் இருவரையும் தனித்தனியாக எடுத்து ஒட்டாதீர்கள், பார்வை விலகும், பதிலின் வேகமும் செத்துவிடும். அனிமேடிக்கில் (முன்கூட்டியே வரைபடங்களை ஓடவிட்டுச் செய்யும் மாதிரிப் படத்தில்) 4 நொடி என்றிருக்கும் ஷாட்டுக்கு நடிகர் 6 நொடி கேட்பார். பின்னணியை இருபுறமும் 48 ஃப்ரேம் கூடுதலாக ரெண்டர் செய்தால் அந்த மௌனத்தை வெட்ட வேண்டியிருக்காது.

பின்னணி வேலையைத் தொடங்குமுன் வெறும் நீலத் திரையோடு முழுப்படத்தையும் எடிட் செய்து, கதை தெரியாத மூன்று பேருக்குப் போட்டுக் காட்டுங்கள். எங்கே ஃபோனை எடுக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டு அந்தக் காட்சியின் வசனத்தை மாற்றி மறுபடி எடுங்கள். அதுவரை திரையையும் லைட்டையும் கழற்ற வேண்டாம்.