சாம்பாரில் மாத்திரை கலக்காதீர்கள்

ஏற்காட்டில் எங்கள் தெருவில் இன்னும் கேட்கிறார்கள், "வீட்டுக்காரர் குடியை நிறுத்த, அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்துவிட ஒரு மாத்திரை இருக்காமே?" என்று. இருக்கிறது, பெயர் டைசல்ஃபிராம். ஆனால் அது உடம்பில் இருக்கும்போது ஒரு கட்டிங் போட்டாலும் அசிடால்டிஹைடு (ஆல்கஹால் உடம்பில் உடையும்போது வரும் நச்சு) ரத்தத்தில் தேங்கி, முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, சிலருக்கு பிரஷர் சரிந்து உயிரே போகலாம். தெரிந்து சம்மதித்துச் சாப்பிடுகிறவருக்குத்தான் அது மருந்து. கடைசியாகக் குடித்து 12 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், நிறுத்திய பிறகும் 14 நாள் வரை அதன் வேலை இருக்கும். ஆல்கஹால் கலந்த இருமல் டானிக், அரிஷ்டம் கூட ஆகாது.

அதற்கும் முன்னால் ஒரு விஷயம். காலையில் எழுந்ததும் கை உதறுகிற ஆள், சாமி படத்தின் முன் சத்தியம் பண்ணிவிட்டு எஸ்டேட் லைன் வீட்டில் திடீரென்று குடியை நிறுத்தக் கூடாது. முதல் 2 நாளில் வலிப்பு வரலாம், 3, 4-ஆம் நாளில் ஆள் அடையாளம் தெரியாமல் உளறலாம், அந்த நேரத்தில் ராத்திரியில் 20 கொண்டை ஊசி வளைவு இறங்குவது லேசான காரியமா? அதனால் நிறுத்துவதற்கு முன்பே சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குப் போங்கள். லோராசிபாம் மாதிரி மாத்திரையைச் சில நாள் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள், கூடவே தயமின் (வைட்டமின் பி1) தருவார்கள்.

அப்புறம்தான் நீண்ட நாள் மருந்து. பெரும்பாலும் நால்ட்ரெக்ஸோன், தினம் 50 மில்லிகிராம். குடித்தால் கிடைக்கிற அந்த 'கிக்' மந்தமாகும், ஆசையும் குறையும். இடுப்பு வலிக்கு டிரமடால் போடுகிறவர் என்றால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், இரண்டும் சேரக் கூடாது. ஈரல் ரொம்பக் கெட்டிருந்தால் டாக்டர் வேறு மருந்து யோசிப்பார், பேக்லோஃபென் கொடுப்பதுண்டு. அகாம்ப்ரோசேட் என்று இன்னொரு மருந்து, ஈரலைத் தொந்தரவு செய்யாது, ஆனால் சிறுநீரகம் நன்றாக இருக்க வேண்டும். வேளைக்கு 2 வீதம் தினம் 3 வேளை, தோட்ட வேலைக்குப் போகிறவர் மதிய வேளையை மறக்காமல் போடுவாரா என்பதுதான் எனக்குச் சந்தேகம்.

இடையில் ஒரு நாள் குடித்துவிட்டால்? நால்ட்ரெக்ஸோன் என்றால் நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். டைசல்ஃபிராம் என்றால் கதை வேறு, உடனே 108-க்கு அடியுங்கள். பேச ஆள் மட்டும் வேண்டுமென்றால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 14416.