குட்டி ரோபோவை வைத்து மேஜிக்: எங்கே சறுக்குகிறது?

வட்டமாகப் பரப்பிய சீட்டுகளுக்கு நடுவே உள்ளங்கையில் அடங்கும் ஒரு ரோபோ. பார்வையாளர் எடுத்துப் பார்த்துத் திரும்ப அதே இடத்தில் வைத்த சீட்டின் முன்னால் அது போய் நிற்க வேண்டும். அருமையான வித்தை. ஆனால் ரோபோவைப் பார்த்த உடனேயே எல்லோர் மனதிலும் ஒரு விடை வந்துவிடும்: "முன்னாடியே ப்ரோகிராம் பண்ணி வச்சிருக்காங்க."

அந்த விடை சரியானதுதான். அதனால்தான் ரகசியம் முழுவதையும் ரோபோவுக்குள் வைப்பதை மிகப் பெரிய தவறு என்கிறேன். அது எங்கே போகும் என்பது முன்பே முடிவானது என்று தெரிந்தாலும் பரவாயில்லை. அந்தக் குறிப்பிட்ட சீட்டு அவர் கைக்கு எப்படிப் போனது என்பது தெரியக் கூடாது. அவர் தானாக எடுத்ததாக நம்பும்படி நாம் நினைத்த சீட்டையே எடுக்கவைக்கும் 'ஃபோர்ஸ்' சுத்தமாக வராதவரை ரோபோவைத் தொடவே வேண்டாம். பயிற்சியில் பெரும்பங்கு கைக்கு, மிச்சம்தான் ப்ரோகிராமுக்கு.

அடுத்தது, ரோபோவின் பெருமையை விளக்கிக்கொண்டே போவது. சென்சார், மோட்டார் என்று பேசப் பேச, பார்ப்பவர் அதற்குள்ளேயே விடையைத் தேடுவார். பிரெஞ்சு வித்தைக்காரர் ராபர்ட்-ஹூடானிடம் மின்காந்தத்தால் தரையோடு ஒட்டிக்கொள்ளும் ஒரு பெட்டி இருந்தது. 1856-இல் அல்ஜீரியாவில் அதை அவர் கனமாகும் பெட்டியாகக் காட்டவில்லை. ஒரு பலசாலியை அழைத்து, "உன் வலிமை போய்விட்டது" என்றார். எல்லோர் கண்ணும் பெட்டியை விட்டு மனிதன் மேல் போனது. ரோபோவோடு செய்யும்போதும் பேச்சு சீட்டு எடுத்தவரைப் பற்றியே இருக்கட்டும்.

இனி கருவி சார்ந்த சறுக்கல்கள். ஓசோபாட் போன்ற கோட்டைத் தொடரும் ரோபோவுக்கு நிறக் குறியீடுகளால் வழிகாட்டலாம். ஆனால் ஒரே ஒரு சீட்டுக்குப் போகும் பாதையில் மட்டும் சிவப்பும் பச்சையும் தெரிந்தால் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். குறியீட்டை விட்டுவிட்டு வெறும் கறுப்புக் கோட்டில் ஓடவிட்டாலும் சிக்கல்தான்: கோடுகள் பிரியும் இடத்தில் கட்டளை இல்லையென்றால் அது தன் போக்கில் ஏதோ ஒரு திசையில் திரும்பும். ஆகவே திருப்பங்களை ப்ரோகிராமில் எழுதி முன்பே ஏற்றிவிடுங்கள். அதன் விளக்கு, அடியில் இருக்கும் நிறத்துக்கு ஏற்ப மாறும். அதையும் ஒரே நிறத்தில் நிறுத்துங்கள். அளவீடு சரிசெய்வதை, அதாவது கேலிபிரேஷனை, வித்தை நடக்கும் அதே காகிதத்தில், அதே வெளிச்சத்தில் செய்ய வேண்டும். வீட்டு விளக்கில் ஒழுங்காக ஓடியது மேடை வெளிச்சத்தில் கோட்டை விட்டு விலகலாம்.

ஸ்ஃபீரோ போன்ற உருளும் பந்துக்கு வேறு தலைவலி. அதன் 'முன்பக்கம்' எது என்று தொடங்கும் முன்பே அமைக்காவிட்டால் ப்ரோகிராம் சரியாக இருந்தும் தவறான பக்கம் உருளும். அதை இயக்கும் செல்போன் யார் கண்ணிலாவது பட்டால் வித்தை முடிந்தது.

நேரக் கணக்கை நம்புவதும் ஆபத்து. இருபது நொடி கழித்துக் கிளம்பு என்று எழுதி வைப்பீர்கள். பார்வையாளரோ சீட்டைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார். நீங்கள் பொத்தானை அழுத்திய பிறகு, அல்லது அவரே ரோபோவைத் தொட்ட பிறகு கிளம்புமாறு வையுங்கள்.

நேராகப் போய் டக்கென்று நிற்கும் ரோபோ இயந்திரமாகவே தெரியும். ஒரு தவறான சீட்டின் முன் நின்று, லேசாகத் திரும்பி, யோசிப்பதுபோல் இரண்டு நொடி தயங்கி, அப்புறம் சரியான சீட்டுக்குப் போகட்டும். எனக்கு இந்த வித்தையிலேயே மிகவும் பிடித்த இடம் இந்தத் தயக்கம்தான். அதை ப்ரோகிராமில் எழுத மிகச் சில கட்டளைகளே போதும்.

ரோபோ வழி தவறினால் என்ன செய்வது என்பதையும் முன்பே யோசித்து வையுங்கள். ஃபோர்ஸ் செய்த சீட்டின் பெயரை எழுதிய ஒரு துண்டுக் காகிதம் ரோபோவின் அடியில் ஒட்டியிருந்தால், அது எங்கே நின்றாலும் கையில் எடுத்துத் திருப்பிக் காட்டலாம்.