கூகுள் டிரைவில் ஃபோல்டர் பகிர்வு: தாய் ஃபோல்டரில் தொடங்கும் தவறு

சென்ற வாரம் எங்கள் பதிப்பகத்தில் புதிதாகச் சேர்ந்த இருவர் கூகுள் டிரைவில் ஃபோல்டர்களைப் பகிர்ந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் அமர்ந்திருந்தேன். பத்து ஆண்டுகளுக்கு முன் நான் செய்த பிழைகளை ஏறத்தாழ அதே வரிசையில் செய்தார்கள். இடையில் பகிர்வுத் திரை பலமுறை உருமாறிவிட்டதால், நான் எழுதிவைத்திருந்த பழைய குறிப்பும் அவர்களுக்குக் கைகொடுக்கவில்லை.

மின்னஞ்சல் முகவரியைத் தப்பாக அடிப்பது, லிங்கை வேறு குழுவில் ஒட்டிவிடுவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. செய்த அரை மணி நேரத்தில் யாராவது சொல்லிவிடுவார்கள். மாதக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் கிடக்கும் பிழைகள்தான் என் கவலை.

தாய் ஃபோல்டரைப் பகிர்ந்துவிட்டு, உள்ளே போய்ப் பெயரை நீக்குவது

எங்களிடம் ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு தாய் ஃபோல்டர் உண்டு. அதற்குள் மூலப்படி, மெய்ப்பு, அட்டை, கணக்கு என்று நான்கு ஃபோல்டர்கள். கணக்கில் ராயல்டித் தாளும் எழுத்தாளர்களின் வங்கிக் கணக்கு எண்களும் இருக்கும்.

மெய்ப்புத் திருத்துபவர் ஒருவருக்கு மூலப்படியும் மெய்ப்பும் மட்டுமே தேவைப்பட்டன. இரண்டையும் தனித்தனியே பகிர்ந்திருக்க வேண்டும். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று தாய் ஃபோல்டரையே அவருக்கு எடிட்டர் (திருத்தும்) உரிமையுடன் பகிர்ந்தேன். பிறகு கணக்கு ஃபோல்டரைத் திறந்து, பட்டியலில் இருந்த அவர் பெயரை நீக்கினேன். அன்றைய திரை அதை அனுமதித்தது. நீக்கியதும் பெயர் மறைந்தது. நானும் நிம்மதியாக வேறு வேலைக்குப் போய்விட்டேன்.

புத்தகம் அச்சுக்குப் போனதும் தாய் ஃபோல்டரிலிருந்தும் அவரை எடுத்துவிட்டேன். மூன்று மாதம் கழித்து இரண்டாம் பதிப்புக்காக அவரை மீண்டும் தாய் ஃபோல்டரில் சேர்த்தேன். அந்த அனுமதி கீழே உள்ள எல்லா ஃபோல்டர்களுக்கும் புதிதாக இறங்கியது. கணக்குக்கும் இறங்கியது. நான் முன்பு அவரை அங்கிருந்து நீக்கியதற்கு ஒரு சுவடுகூட மிச்சமில்லை. பட்டியலிலிருந்து ஒரு பெயரை எடுப்பது, அந்த ஆளை இனி உள்ளே விடாதே என்று கட்டளையிடுவது ஆகாது. அன்று அப்போது இருந்த ஒரு வரியை அழித்தேன், அவ்வளவுதான்.

நேர்மையான மனிதர். அவரே தொலைபேசியில் அழைத்து, “சார், ராயல்டித் தாள் எனக்குத் திறக்கிறது. கவனியுங்கள்” என்றார். அதற்குள் ஆறு வாரம் ஓடியிருந்தது. அந்தத் தாளில் இருந்த ஒவ்வொரு எழுத்தாளரையும் அழைத்து நடந்ததைச் சொன்னோம். ஒருவர் தம் அடுத்த நூலை எங்களுக்குத் தரவில்லை. அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. அந்தப் பெயர்ப் பட்டியலை நம்பிய என் மேல்தான் இன்னமும் கோபம் வருகிறது.

2025-இல் கூகுள் இந்த ஏற்பாட்டை மாற்றத் தொடங்கியது. தாய் ஃபோல்டரில் ஒருவருக்கு என்ன உரிமை இருக்கிறதோ அதைவிடக் குறைவான உரிமையை உள்ளே இருக்கும் ஃபைலில் வைக்க முடியாது என்பது புதிய விதி. உள்ளே ஒரு ஃபோல்டரை மட்டும் அடைக்க வேண்டுமானால், அந்த ஃபோல்டருக்கு ‘வரம்பிட்ட அணுகல்’ என்ற அமைப்பை நாமே போட வேண்டும். நல்ல மாற்றம் என்றே நினைக்கிறேன். முன்பு மறைவாக இருந்த நிலை இப்போது வெளியே தெரிகிறது.

ஆனால் புதியவர்கள் இங்கேயும் சறுக்குகிறார்கள். வரம்பிட்ட ஃபோல்டருக்குள் மற்றவர்கள் நுழைய முடியாதே தவிர, தாய் ஃபோல்டரைத் திறப்பவர்களுக்கு அதன் பெயர் தெரியும். ‘பணி நீக்கம்’ என்று பெயர் வைத்துவிட்டுப் பூட்டினால், பூட்டியதற்கு என்ன பயன்?

நான் இப்போது ஃபோல்டர்களின் அடுக்கையே வேறு மாதிரி கட்டுகிறேன். பொருள்வாரியாகப் பிரிப்பதில்லை, ஆள்வாரியாகப் பிரிக்கிறேன். ஒவ்வொரு புத்தகத்துக்கும் இரண்டு ஃபோல்டர்கள்: வெளியாட்கள் தொடுவது ஒன்று, அலுவலகத்துக்குள்ளேயே இருப்பது மற்றொன்று. இரண்டுக்கும் பொதுவான தாய் ஃபோல்டரை யாருக்கும் பகிர்வதே இல்லை. மூன்று ஃபோல்டர் தேவைப்படுகிறவருக்கு மூன்று முறை பகிர்கிறேன். இரண்டு நிமிடம் கூடுதலாகும், ஆகட்டும்.

‘கட்டுப்படுத்தப்பட்டது’ என்ற சொல்லைப் பார்த்து நிம்மதி அடைவது

பகிர்வுப் பெட்டியின் கீழ்ப்பகுதியில் பொது அணுகல் என்று ஒரு வரி இருக்கும். அங்கே ‘கட்டுப்படுத்தப்பட்டது’ என்று இருந்தால் ஃபோல்டர் பூட்டிக் கிடக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். லிங்க் மட்டும் கையில் இருப்பவருக்குத் திறக்காது என்பதுதான் அதன் பொருள். அதற்கு மேலே பதினான்கு பெயர்கள் இருந்தால் பதினான்கு பேருக்கும் அது திறக்கும். முதலில் மேலே இருக்கும் பெயர்களைப் படியுங்கள், பிறகு கீழே வாருங்கள்.

இழுத்துப் போடுவது

முன்பெல்லாம் ஒரே ஃபைலை இரண்டு ஃபோல்டர்களில் வைக்க முடிந்தது. 2020 செப்டம்பர் 30 முதல் ஒரு ஃபைலுக்கு ஓரிடம்தான். மற்ற இடங்களில் அந்த ஃபைலைச் சுட்டும் குறுக்குவழி மட்டுமே வைக்கலாம். பழைய கைப்பழக்கத்தில், பகிர்ந்த ஃபோல்டரில் இருக்கும் ஃபைலைத் தம் சொந்த ஃபோல்டருக்கு இழுத்துவிடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஃபைல் அப்படியே இடம் மாறிவிடும். பழைய ஃபோல்டர் வழியாக அனுமதி பெற்றிருந்தவர்களுக்கு அது அந்தக் கணமே மூடிக்கொள்ளும். ஒருமுறை அட்டைப் படம் இப்படி நகர்ந்துபோய், அச்சகத்தில் ஒரு முழு மாலை காத்திருந்தார்கள்.

எதிர்த்திசையிலும் இதே ஆபத்து உண்டு. கணக்குத் தாளை ஐந்து நிமிடத்துக்கு வெளி ஃபோல்டரில் போட்டால், அந்த ஐந்து நிமிடமும் அது அங்கே உள்ள எல்லோருக்கும் திறந்திருக்கும்.

குறுக்குவழி இருக்கும் ஃபோல்டரைப் பகிர்ந்தால் அசல் ஃபைலையே பகிர்ந்ததாக ஆகாது. இதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அவசரத்துக்கு ‘லிங்க் உள்ள எவரும்’

வேண்டாம்.

ஃபைல் யாருடையது என்று பார்க்காமல் இருப்பது

ஃபோல்டர் உங்களுடையது என்பதால் அதற்குள் இருப்பதெல்லாம் உங்களுடையது ஆகிவிடாது. சாதாரணக் கணக்கில், யார் பதிவேற்றினாரோ அவரே அந்த ஃபைலின் உரிமையாளர். அது அவருடைய 15 ஜிபி இலவச இடத்தில்தான் சேரும். அவர் வேலையை விட்டுப் போய், தம் டிரைவில் இடம் போதவில்லை என்று அதை அழித்தால், 30 நாள் குப்பைத்தொட்டியில் இருந்துவிட்டு நிரந்தரமாகப் போய்விடும். ஒருவர் விடைபெறும் நாளில் சாவியை வாங்குவதுபோல ஃபைல்களின் உரிமையையும் மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள். சாதாரணக் கணக்குகளில், பெறுகிறவர் ஏற்றுக்கொண்டால்தான் மாற்றம் முடியும். கோரிக்கை அனுப்பியதோடு விட்டுவிடக் கூடாது. நிறுவனக் கணக்கு வைத்திருப்பவர்கள் ‘பகிர்ந்த டிரைவ்’ (Shared drive) என்ற வசதியைப் பயன்படுத்தினால் இந்தத் தொல்லை இல்லை. அங்கே ஃபைல்கள் தனிநபருக்குச் சொந்தமாவதில்லை.

பொத்தானின் இடத்தை மனப்பாடம் செய்வது

என் பழைய குறிப்பு வீணானது இதனால்தான். ‘வலது மேல் மூலையில் மூன்றாவது’ என்று எழுதியிருந்தேன். இப்போது யாருக்கு, எந்த ஃபோல்டரில், என்ன உரிமை என்று மூன்று நெடுவரிசை கொண்ட ஒரு தாளை வைத்திருக்கிறேன். திரை எப்படி மாறினாலும் அந்தத் தாளைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம்.

உங்கள் கணக்கிலேயே திறந்து பார்த்துச் சோதிப்பது

உரிமையாளருக்கு எல்லாம் திறக்கும். எந்தக் கணக்கிலும் நுழையாமல், உலாவியின் மறைநிலைச் சாளரத்தில் (Incognito) லிங்கை ஒட்டிப் பாருங்கள். பிறகு, எந்த உரிமையும் தராத இன்னொரு கணக்கில் நுழைந்து பாருங்கள்.

புதியவர்கள் இருவரையும் அன்றே இதைச் செய்யச் சொன்னேன். ஏழு லிங்குகளை ஒட்டினார்கள். ஆறு லிங்குகள் அனுமதி கேட்டு நின்றன. ஏழாவது நேராக ஒரு ஒப்பந்தப் படிவத்தைத் திறந்து காட்டியது. அதைப் பகிர்ந்தவள் பதறிப்போய் அந்த ஃபைலின் அமைப்பைத் தேடினாள். ஃபைலை விடு, அது எந்த ஃபோல்டருக்குள் இருக்கிறது என்று பார் என்றேன். இரண்டு படி மேலே போனதும் காரணம் கிடைத்தது.